சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?

ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 செப்டம்பருக்குப் பிறகும் ஊர்க்காரர்கள் போர்ட் பிளேர் என்றே சொல்லிவரும் ஊரில், டயர் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு கோரிக்கை காதில் விழும். "அண்ணே, சக்கரம் கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கணும்." தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி என்று ஜீப் வகை வண்டிகள் மட்டுமல்ல, ஸ்விஃப்ட்காரரும் இதையே கேட்கிறார். கடைக்காரர் அலமாரியிலிருந்து வட்டமான அலுமினியத் தட்டு ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் போல்ட்டுக்கான ஓட்டைகள். அதுதான் வீல் ஸ்பேசர். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே அதை வைத்து இறுக்கினால் தட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே வந்து நிற்கும். தட்டு தடிமனாக இருந்தால், ஹப்பில் பதித்திருக்கும் வீல் போல்ட்டின், அதாவது ஸ்டட்டின், நீளம் பத்தாது. நீளமான ஸ்டட் போட வேண்டும்.

இதைப் பற்றித் தீவில் இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. "ஒன்றும் ஆகாது, நாலு வருஷமாக ஓட்டுகிறேன்" என்பது ஒன்று. "சக்கரம் தனியாகக் கழன்று ஓடிவிடும்" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, இரண்டிலும் விளக்கம் இல்லை. ஒருவர் வண்டியில் ஒன்றும் ஆகாமலிருப்பதும் இன்னொருவர் வண்டியில் ஸ்டட் முறிவதும் தற்செயல் அல்ல. வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும்.

சக்கரம் ஸ்டட்டுகளின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். சுவரில் அடித்த ஆணியில் படம் தொங்குவது போன்ற ஒரு சித்திரம் மனத்தில் இருக்கிறது. உண்மை அதுவல்ல. ரிம்மின் ஓட்டை ஸ்டட்டைவிடக் கொஞ்சம் பெரியது, ஸ்டட்டின் தண்டு அதன் சுவரில் சாய்ந்து எடை தாங்குவதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக மிகக் குறைந்த அளவு நீளுகிறது. நீண்டது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பு ரிம்மை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தத்தால் இரண்டு முகங்களுக்கும் நடுவே உராய்வு பிறக்கிறது. சக்கரத்தைப் பிடித்திருப்பது அந்த உராய்வு. ஸ்டட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் 12 மி.மீ. ஸ்டட். அதன் நட்டுக்குக் கம்பெனி சொல்லும் இறுக்கம் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் பத்து கிலோவைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. எண்ணெய் படாத மரையில் இந்த இறுக்கம் ஒரு ஸ்டட்டில் ஏறத்தாழ நாலு டன் இழுவையைத் தருகிறது. நாலு ஸ்டட்டுக்குப் பதினாறு, பதினேழு டன். அதில் உராய்வாகக் கையில் கிடைப்பது சுமார் இரண்டரை டன். ஒரு சக்கரத்தின் மேல் நிற்கும் எடையோ முந்நூறு, முந்நூற்றைம்பது கிலோதான். தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது கதை மாறுகிறது. டயர் தரையைத் தொடும் இடம் சக்கர மையத்திலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஸ்டட்டுகளோ மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில். தரையில் 350 கிலோ விசை என்றால் ஸ்டட் வட்டத்தில் அது ஆறு மடங்காகி இரண்டு டன்னைத் தொடுகிறது. இரண்டரை டன் பிடிப்புக்கு எதிரே இரண்டு டன் தேவை. பார்த்த அளவுக்குத் தாராளம் இல்லை. நாலில் ஒரு நட் தளர்ந்தாலே கையிருப்பு கரைந்துவிடும். அப்புறம்தான் ரிம் இம்மி இம்மியாக நழுவி ஸ்டட்டின் பக்கவாட்டில் இடிக்கும், ஸ்டட் வளையும், வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து ஒருநாள் முறியும். ஸ்டட் முறிந்த பல சம்பவங்களில் குற்றவாளி இரும்பு அல்ல, அதற்கு முன்பே போய்விட்ட இறுக்கம்.

இது புரிந்தால் ஸ்பேசரைப் பற்றிய மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரே அளவுகோல் போதும். இறுக்கம் கிடைக்கிறதா, கிடைத்தது நிலைக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கடைகளில் கிடைப்பது மூன்று வகை. மூன்று முதல் பத்து மி.மீ. வரையுள்ள வெறும் தட்டு முதல் வகை. அதைப் பழைய ஸ்டட்டின் மேலேயே நுழைத்து, சக்கரத்தைப் போட்டு, அதே நட்டை முடுக்கிவிடுகிறார்கள். பார்க்க அப்பாவியாக இருக்கும் இந்த மெல்லிய தட்டுதான் அதிகம் ஏமாற்றுகிறது. நட் எத்தனை மரையைப் பிடித்திருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. பட்டறைகளில் சொல்லப்படும் குறைந்தபட்சக் கணக்கு, ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது நட் மரையில் ஏற வேண்டும் என்பது. 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் முழுதாக எட்டுச் சுற்று. மாருதி சுசுகி வண்டிகளில் இடைவெளி 1.25 மி.மீ., அதற்குப் பத்துச் சுற்று. பத்துச் சுற்று ஏறிக்கொண்டிருந்த ஜிம்னி ஸ்டட்டில் 5 மி.மீ. தட்டைச் செருகினால் நாலு சுற்று காணாமல் போய்விடும். மிச்சம் ஆறு. நட் முடுக்கும்போது கையில் வித்தியாசம் தெரியாது, இறுகியது போலத்தான் இருக்கும். ஆனால் இறுக்கம் முழுவதும் ஆறு மரையின் தலையில் விழுகிறது.

இரண்டாவது வகை 25 மி.மீ. அல்லது அதற்கும் மேல் தடிமனானது. அதற்கென்று சொந்த ஸ்டட்டுகள் தட்டிலேயே பதிந்திருக்கும். முதலில் ஸ்பேசரை வண்டியின் ஸ்டட்டுகளில் உள்நட்டுகளால் இறுக்கி, அதன் மேல் சக்கரத்தை மாட்ட வேண்டும். மரை குறையாது, நல்ல விஷயம். ஆனால் இப்போது நாலு நட்டுக்குப் பதில் எட்டு நட். உள்ளே இருக்கும் நாலையும் சக்கரத்தைக் கழற்றாமல் பார்க்கவே முடியாது, மறைந்திருப்பதை யாரும் சோதிப்பதில்லை. இன்னொரு தொல்லை, வண்டியின் பழைய ஸ்டட் ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் சக்கரம் சரியாக உட்காராது. உடனே கிரைண்டரை எடுத்து ஸ்டட்டை அறுத்துவிடுகிறார்கள். நாளைக்கு ஸ்பேசர் வேண்டாமென்று கழற்றினால் மொட்டை ஸ்டட்டில் நட் எங்கே ஏறும்?

இரண்டுக்கும் இடைப்பட்ட பத்து முதல் இருபது மி.மீ. தட்டுக்குத்தான் நீள ஸ்டட் தேவைப்படுகிறது. மூன்றிலும் ஒழுங்காகச் செய்தால் அதிகம் நம்பத்தக்கது இதுதான் என்பது என் எண்ணம். காரணம் பலருக்கும் வியப்பாக இருக்கும், நீள ஸ்டட் இறுக்கத்தைக் குட்டை ஸ்டட்டைவிட நன்றாகத் தக்கவைக்கும். நாலு டன் இழுவையில் 20 மி.மீ. நீளமுள்ள ஸ்டட் பகுதி சுமார் 0.05 மி.மீ. நீளுகிறது. 40 மி.மீ. பகுதி அதைப்போல் இருமடங்கு நீளுகிறது. முகங்களுக்கு நடுவே இருந்த ஏதோ ஒன்று நசுங்கி 0.01 மி.மீ. படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டை ஸ்டட்டில் இறுக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. நீள ஸ்டட்டில் பத்தில் ஒரு பங்குதான்.

அந்த "ஏதோ ஒன்று" என்பதில்தான் அந்தமான் வருகிறது. ஆண்டுக்கு மூவாயிரம் மி.மீ. அளவில் மழை, மே முதல் டிசம்பர் வரை இரண்டு பருவக்காற்றும் தொடர்ச்சியாக. எந்தப் பக்கம் திரும்பினாலும் சில கிலோமீட்டரில் கடல். வடக்கே ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் போகிற வண்டி மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வாகனப் படகில் ஏறி உப்புக்காற்றில் நின்றுதான் பாராடாங் கரையில் இறங்குகிறது. மதுரையில் இரண்டு வருடத்தில் பிடிக்கிற துரு இங்கே ஒரு மழைக்காலத்தில் பிடித்துவிடும் என்று மெக்கானிக்குகள் சொல்வதில் கொஞ்சம் மிகை இருக்கலாம், அடிப்படை சரிதான். ஹப்பின் முகத்தில் செதில் செதிலாகத் துரு இருக்கும்போதே தட்டை வைத்து இறுக்கினால் அன்றைக்கு, இறுக்கத்தை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச் சரியான எண்ணில்தான் 'கிளிக்' என்று சொல்லும். இருநூறு கிலோமீட்டர் குண்டும் குழியுமான சாலையில் ஓடியதும் செதில்கள் பொடியாகும், அது விட்டுச்சென்ற இடைவெளி இறுக்கத்தைத் தின்றுவிடும். பெயின்ட்டும் அப்படியே. அழகுக்காக ஸ்பேசரின் இரண்டு முகத்திலும் தடிமனாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து விற்கிறார்கள். ஒரு பூச்சின் தடிமனே ஸ்டட் நீளும் அளவை எட்டிவிடக்கூடியது. ஸ்பேசர் ஒன்று சேர்ந்தால் ஒட்டும் முகங்களும் கூடுகின்றன. முகம் கூடக்கூட நசுங்கிப் படிவதும் கூடும்.

அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவே உப்புநீர் புகுந்தால் நடப்பது இன்னொன்று. இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவே மின்சாரம் கடத்தும் நீர். அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பூப்பு ஸ்பேசரை ஹப்போடு ஒட்டவைத்துவிடும், சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அந்த அடியை வாங்கிக்கொள்வது வீல் பேரிங்.

நடுவிலுள்ள பெரிய ஓட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹப்பின் நடுவில் சில மில்லிமீட்டர் தூக்கி நிற்கும் விளிம்பு ஒன்று உண்டு. ரிம்மின் நடு ஓட்டை அதில் கச்சிதமாக உட்கார்ந்து சக்கரத்தை மையத்தில் நிறுத்தும். மாருதியின் சின்னக் கார்கள் பலவற்றில் அதன் விட்டம் 54.1 மி.மீ., ஜிம்னியில் சுமார் 108. தட்டை வைத்ததும் விளிம்பு தட்டுக்குள் மறைந்துவிடும். ஆகவே ஸ்பேசரின் வெளிமுகத்திலும் அதே அளவில் ஒரு விளிம்பு கடையப்பட்டிருக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் தட்டில் அது இருக்காது, மெல்லிய தட்டில் இருக்கவே வழியில்லை. மையம் தவறிய சக்கரம் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கை நடுங்கவைக்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நடுக்கம் நிற்காது. ஸ்பேசர் போட்ட பிறகு நடுக்கம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த விளிம்பைத்தான்.

சரி, நீள ஸ்டட் போடுவதென்றே முடிவாகிவிட்டது. வேலை எப்படி நடக்க வேண்டும்? ஸ்டட்டின் தலைக்குக் கீழே பல் பல்லாகக் கீறிய கழுத்து ஒன்று இருக்கும். அந்தப் பற்கள்தான் ஹப்பின் ஓட்டையைக் கவ்விக்கொண்டு ஸ்டட் சுற்றாமல் காக்கின்றன. நீளமும் மரையும் பொருந்தினால் போதும் என்று வாங்கிவந்துவிடுகிறார்கள். கழுத்தின் விட்டத்தை வெர்னியர் வைத்து அளப்பவர் குறைவு. கால் மில்லிமீட்டர் குறைந்தால் நட்டை இறுக்கும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும், கூடினால் ஹப் ஓட்டை விரிசல் விடும். பழைய ஸ்டட்டை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அல்லது திருகு வைத்த புல்லரில் தள்ளி எடுக்க வேண்டும். சுத்தியலால் ஒரே போடாகப் போட்டு எடுப்பதுதான் பட்டறை வழக்கம். நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் பேரிங்கின் உள்வளையத்தில் குண்டுகள் பதிந்த தடம் விழும். இரண்டு மாதம் கழித்து "ஊ" என்று சத்தம் வரும்போது யாருக்கும் அந்தச் சுத்தியல் ஞாபகம் வராது. சில வண்டிகளில் ஹப்பைத் தாங்கும் நக்கிளின் இடைஞ்சலால் ஹப்பைக் கழற்றாமல் நீள ஸ்டட்டை உள்ளே நுழைக்கவே முடியாது. ஹப்பைக் கழற்றினால் பேரிங்கும் புதிதாகப் போட வேண்டியிருக்கலாம். விலை பேசும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்டட்டின் இரும்பு எது என்பது அதைவிட முக்கியம். கார் ஸ்டட்டுக்குரிய தரம் 10.9. சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரம் நியூட்டன் வரை தாங்கும், அதில் தொண்ணூறு விழுக்காடு வரை நிரந்தரமாக நீளாது என்பது அந்த எண்ணின் பொருள். நாம் கணக்கிட்ட நாலு டன் இழுவையில் ஸ்டட்டுக்குள் விழும் அழுத்தம் சுமார் 460. பாதி இடம் மிச்சம். உள்ளூர் லேத்தில் சாதாரண இரும்புக் கம்பியைக் கடைந்து "அதே மாதிரி" செய்து தருகிறேன் என்பார்கள். சாதாரணக் கம்பி 240-இலேயே நீள ஆரம்பித்து 400-இல் அறுந்துவிடும். சரியான இறுக்கம் கொடுத்தாலே தாங்காது. அறுந்துவிடும் என்று பயந்து குறைவாக இறுக்கினால் சக்கரம் நழுவும். தவிர, தொழிற்சாலையில் மரையை உருட்டி உருவாக்குகிறார்கள், லேத்தில் வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய மரையின் அடியில் கூர்மையான பள்ளம் விழும், விரிசல் அங்கேதான் பிறக்கும். துருவுக்குப் பயந்து உள்ளூர் முலாம் கடையில் ஸ்டட்டுக்கு முலாம் போடுவதும் வேண்டாம். முலாம் தொட்டியில் இரும்புக்குள் ஹைட்ரஜன் புகும், உடனே சூடேற்றி அதை வெளியேற்றாவிட்டால் கடினமான ஸ்டட் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். சென்னை பாடியில் 1960-களிலிருந்து உயர்தர போல்ட்டும் சக்கரமும் செய்து உலகத்துக்கு விற்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் ஆர்டர் கொடுத்துக் கப்பலில் மூன்று நான்கு நாள் காத்திருந்து வாங்கலாம். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய ஸ்டட்டை மட்டும் வாங்க வேண்டாம். அது ஏற்கனவே எவ்வளவு நீண்டது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

பொருத்தும்போது ஹப், ஸ்பேசர், ரிம் மூன்றின் ஒட்டும் முகங்களையும் கம்பி பிரஷ்ஷால் வெறும் உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். மரையில் கிரீஸ் தடவக் கூடாது. துரு பிடிக்காமலிருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் தடவுவார்கள், ஆனால் வழுக்கும் மரையில் அதே 100 நியூட்டன் மீட்டர் ஸ்டட்டை இன்னும் பலமாக இழுத்துவிடும். ஒட்டாமலிருக்க ஏதாவது பூச வேண்டுமென்றால் நடு விளிம்பில் மட்டும், அதுவும் மெல்லியதாக. நட்டின் முகம் கூம்பா, குண்டா, தட்டையா என்பது ரிம்மின் பள்ளத்தோடு ஒத்துப்போக வேண்டும். நட்டைக் கையால் முழுதும் திருகி, எதிரெதிராக, இரண்டு தவணையில் இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில்தான். காற்றுத் துப்பாக்கியின் "டரர்ர்" சத்தத்துக்கு எண் கிடையாது. வீல் ஸ்பானரின் மேல் ஏறி நிற்பதற்கும் கிடையாது. 60 கிலோ ஆள் 30 செ.மீ. ஸ்பானரின் முனையில் ஏறி நின்றால் 175 நியூட்டன் மீட்டருக்கு மேல் போய்விடும்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது கட்டாயம். இந்த ஒன்றைத் தீவுக்காரர்கள் எனக்காகச் செய்துவிடுங்கள். ஸ்டட் மாற்றிய மறுநாளே அந்தமான் ட்ரங்க் ரோட்டில் கிளம்பாதீர்கள். சிடியா டாப்பு வரை ஒருமுறை போய்த் திரும்பினால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் ஆகிவிடும், வந்து நட்டை இறுக்கிவிட்டு அப்புறம் வடக்கே போகலாம். ஜிர்காடாங் சோதனைச்சாவடி தாண்டினால் ஜரவா காப்பகம். அங்கே கான்வாயில்தான் போக வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது, நடுவழியில் நிறுத்துவதற்கு அனுமதி இல்லை. போன் சிக்னலை நம்ப முடியாது. சக்கரத்தில் "கடக் கடக்" என்று சத்தம் கேட்டால் இறங்கி ஜாக்கி போடும் சாலை அது அல்ல.

இத்தனைக்கும் பிறகு என்ன கிடைக்கிறது? வண்டி அகலமாக நிற்பதால் வளைவில் சாயாது என்பதுதான் எல்லாரும் சொல்லும் பலன். பொய் இல்லை, ஆனால் அளவைப் பாருங்கள். மாருதி 1993-இல் ஜிப்ஸியின் சக்கர இடைவெளியை 90 மி.மீ. கூட்டி முன்பக்கம் 1,300 மி.மீ. ஆக்கியது. வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடை அதனால் சுமார் ஏழு விழுக்காடு குறைந்திருக்கும். அதைத் தட்டு வைத்துச் செய்யவில்லை, வண்டியையே மாற்றிச் செய்தார்கள். நீங்கள் பக்கத்துக்கு 20 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் அதே ஜிப்ஸியில் கிடைப்பது மூன்று விழுக்காடு. வண்டியை 50 மி.மீ. தூக்கும் லிஃப்ட் கிட்டும் போட்டிருந்தால், எடை மையம் தரையிலிருந்து 650 மி.மீ. உயரத்தில் என்று கொண்டால், மாறும் எடை எட்டு விழுக்காடு கூடிவிடும். கூட்டிக் கழித்தால் நஷ்டம்தான்.

கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். இடுப்போடு ஒட்டிப் பிடித்த குடமும் கையை நீட்டிப் பிடித்த குடமும் ஒரே எடைதான், தோளுக்குத்தான் வித்தியாசம் தெரியும். இங்கே அந்தத் தோள் வீல் பேரிங். 350 கிலோ 20 மி.மீ. வெளியே நகர்ந்தால் நேர் சாலையிலும் நாள் முழுக்க அதற்குக் கூடுதல் முறுக்கு. பேரிங் நாளைக்கே போய்விடாது, தன் ஆயுளில் கொஞ்சம் சீக்கிரம் போகும். ஸ்டியரிங் இன்னும் சீக்கிரம் குறை சொல்லும். முன்சக்கரம் திரும்பும் அச்சை நீட்டினால் தரையில் எங்கே தொடுகிறதோ, அதற்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கம்பெனி பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறது. சில முன்சக்கர இழுவைக் கார்களில், ஒரு பக்கப் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டாலும் வண்டி நேரே போகட்டும் என்று அச்சு டயர் நடுவுக்கு வெளியே தொடும்படி அமைத்திருப்பார்கள். இருபது மில்லிமீட்டர் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிவிடலாம். ஒரு சக்கரம் மழைத்தண்ணீர்க் குழியில் இறங்கும்போது ஸ்டியரிங் வெடுக்கென்று கையை இழுப்பது அதனால்தான். மட்கார்டுக்கு வெளியே நீளும் டயர் பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் சேறடிக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நியாயமான தேவையே இல்லையா? உண்டு. புது அலாய் வீலின் உட்பகுதி பிரேக் கேலிப்பரில் உரசினால் சில மில்லிமீட்டர் வேண்டியிருக்கும். போர்ஷே கம்பெனியே தன் சில கார்களுக்கு 5 மி.மீ. ஸ்பேசரை நீள போல்ட்டோடு சேர்த்துத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்திருக்கிறது. ஜெர்மனியில் தரச்சான்றிதழும் பரிசோதகர் ஒப்புதலும் இருந்தால் சட்டப்படியே போடலாம். ஆஸ்திரேலியாவில் வண்டி செய்த கம்பெனி வைத்ததைத் தவிர வேறு ஸ்பேசர் கூடாது. இரண்டு நாடுகளும் ஒரே இயற்பியலைத்தான் படிக்கின்றன. ஒன்று பொருத்துபவரைச் சோதிக்கிறது, மற்றொன்று பொருத்துபவரை நம்பவில்லை.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஸ்பேசர் என்ற பெயர் கிடையாது. பிரிவு 52 இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதிக்கப்படாத வகையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சக்கர இடைவெளி பதிவுச் சான்றில் எழுதியா இருக்கிறது என்று வாதாடலாம். கம்பெனி சோதனைக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்கிய வண்டி இந்தத் தட்டு இல்லாத வண்டிதானே என்று எதிர்வாதமும் வரும். டாக்சி ஓட்டுபவர்களுக்கு வாதத்துக்கே இடமில்லாமல் போகலாம். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதன்பின் வருடந்தோறும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், ஆய்வாளர் கண்ணில் படும். சொந்த வண்டிக்காரர் பயப்பட வேண்டியது அபராதத்துக்கு அல்ல, இன்ஷூரன்ஸுக்கு. சொல்லாமல் செய்த மாற்றம், அதுவும் சக்கரத்தில், விபத்து இழப்பீட்டை மறுக்கக் காரணம் தேடுபவருக்குக் கையில் கொடுத்த காரணம்.

ஆகவே அகலம் வேண்டுமென்பவருக்கு என் யோசனை, ஸ்பேசருக்கும் ஸ்டட்டுக்கும் வேலைக்கூலிக்கும் ஆகும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சரியான ஆஃப்செட் உள்ள ரிம் வாங்குங்கள். ரிம்மின் உட்புறத்தில் ஈ.டி. என்ற எழுத்துகளோடு ஓர் எண் பதித்திருப்பார்கள், ஆஃப்செட் அதுதான். ஈ.டி. 45 ரிம்மோடு 20 மி.மீ. ஸ்பேசர் வைப்பதும் ஈ.டி. 25 ரிம்மை நேராக மாட்டுவதும் சக்கரத்தை ஒரே இடத்தில்தான் நிறுத்தும். பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வரும் சுமை இரண்டிலும் ஒன்றே, அதை மறைக்க வேண்டாம். சட்டக் கேள்வியும் முழுதாகத் தீர்ந்துவிடாது. ஆனால் பழைய ஸ்டட், பழைய நட், நடுவில் உப்பு புக இன்னொரு முகம் இல்லாத ஒரே இணைப்பு. இந்தத் தீவில் அந்த வித்தியாசம் பெரியது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முந்தைய உரிமையாளர் விற்பதற்கு முன் ஸ்பேசரைக் கழற்றி வைத்துக்கொண்டு நீள ஸ்டட்டை அப்படியே விட்டுவிடுவது உண்டு. அதன் மேல் தலை மூடிய பளபள நட்டைப் போட்டால் ஸ்டட்டின் நுனி நட்டின் மூடியில் போய் இடிக்கும். ஸ்பானர் இறுகி நின்றுவிடும், ரிம் மட்டும் இறுகியிருக்காது. மூடி நட் உள்ள வண்டி என்றால் ஒரு நட்டைக் கழற்றி, ஸ்டட் ரிம்மின் நட் பள்ளத்துக்கு மேல் எவ்வளவு நீள்கிறது என்பதையும் நட்டின் உள் ஆழத்தையும் அளந்து பாருங்கள். ஸ்பேசர் இன்னும் வண்டியில் இருந்தால் நட் கழலும் சுற்றுகளை எண்ணுங்கள். சுசுகியில் பத்துக்கு முன்பே, மற்றவற்றில் எட்டுக்கு முன்பே கையோடு வந்துவிட்டால், விலை பேசுவதை நிறுத்திவிட்டு ஸ்டட் மாற்ற என்ன செலவாகும் என்று முதலில் விசாரியுங்கள்.